முப்பது நிமிடம் என்று எழுதியிருக்கிறது

கேட்டைப் போட்டுவிட்டான். எனக்கு முன்னால் ஒரு டெம்போ, ஒரு பள்ளிக்கூட வேன், இரண்டு பைக். நான்கு நொடி முன்னால் வந்திருந்தால் இந்நேரம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பேன். அந்த நான்கு நொடியை யார் தின்றது என்று எனக்குத் தெரியும், கறிக்கடை மஸ்தான் பாய்தான். ‘ரெண்டு முட்டி, மூட்டைப் பிரிக்காம முழுசா’ என்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். இன்றைக்கும் பழக்கதோஷத்தில் கத்தியை நேராக மூட்டின் நடுவில் இறக்கிவிட்டு, "அடடா, மறந்துட்டேன் டாக்டரம்மா, சூப்புக்கு இப்படி இருந்தாத்தானே நல்லாருக்கும்" என்கிறார். சூப்பு இல்லை பாய், ஆட்டு முட்டியின் குருத்தெலும்பைச் சீவி அதிலிருக்கும் செல்களைப் பிரித்துப் பட்டில் செய்த பஞ்சுக்குள் வளர்க்கிறோம், நாளைக்கு மனுஷன் முட்டியில் தேய்ந்த இடத்தில் அதை வைக்கலாமா என்று பார்க்கிறோம், மூட்டு திறந்துவிட்டால் உங்கள் கடை ஈ முதற்கொண்டு எல்லாம் உள்ளே போய்விடும் என்று முதல் மாதமே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மிளகு மட்டும் தூக்கலாப் போடுங்க" என்றார். இன்னொரு ஆடு தொங்கும்வரை நின்று வாங்கி, ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினால் இந்தக் கேட். மணி ஒன்பது இருபத்தைந்து. முட்டிக்கு ஒன்றும் ஆகாது, ஐஸில் மத்தியானம்வரை தாங்கும். பத்து மணிதான் தாங்காது. கறிக்கடையில் நிற்கும்போதே ஷம்சாத் அக்காவிடமிருந்து செய்தி வந்துவிட்டது. ‘செங்கொடி, பத்து மணிக்கு சாரைப் பாக்குறேன். விலகிக்கிறேன்னு லெட்டர் எழுதிட்டேன். உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு.’ என்னிடம் முதலில் சொல்லத் தோன்றியிருக்கிறது. வேறு ஆளே கிடைக்கவில்லையா அக்கா உங்களுக்கு?

ஹெல்மெட்டுக்குள் வியர்க்கிறது. கழற்றினால் மறுபடி மாட்டுவதற்குள் கேட் திறந்துவிடும், கழற்றாவிட்டால் திறக்காது. கழற்றினேன். திறக்கவில்லை. ஷம்சாத் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. எனக்குப் பத்து வயது மூத்தவர், எங்கள் ஆய்வகத்தில் எனக்கு ஜூனியர். மேலப்பாளையத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பத்தொன்பது வருஷம் அடுப்படி, பிறகு மூத்தவன் காலேஜ் சேர்ந்த அதே வருஷம் இவரும் பிஎச்.டி. சேர்ந்தார். அவருக்கு எங்கள் கைடு சார் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. செங்கொடியின் மூன்றாவது பேட்ச் பட்டுப்பஞ்சை அப்படியே திரும்பச் செய்து காட்ட வேண்டும், மூன்று தடவை. செய்துவிட்டால் அடுத்தது அதை முயலின் முட்டியில் வைத்துப் பார்ப்பது. ஏழு மாதம், ஒன்று வளரும்போதே அடுத்ததை ஆரம்பித்து, பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் நாலு வாரம் செல் வளர்த்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் சோகை பிடித்த நீலம். குருத்தெலும்பு உருவாகியிருந்தால் அடர்நீலம் வரவேண்டும். என் மூன்றாவது பேட்ச்சில் வந்தது. அந்தப் படம்தான் சாரின் அறைச்சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, அந்தப் படம்தான் எங்கள் கட்டுரையில் முதல் படம், என் ஆய்வேட்டில் நாலாம் அத்தியாயம் முழுக்க அந்தப் படம்தான். போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஏழு பேருக்கு முன்னால் சார் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, சில பேருக்குக் கை வராது. செங்கொடிக்கு வந்தது உங்களுக்கு ஏன் வரல? அதே பட்டுக்கூடு, அதே சோடா, அதே முப்பது நிமிஷக் கொதி." அக்கா மேஜைக்குக் கீழே தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை ஓட்டை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன், பதினாறு.

வேன்காரன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் புகை ஊதுகிறான், அப்படியென்றால் சீக்கிரம் திறக்காது. கேட்மேன் அறையில் ஆள் நடமாட்டமே இல்லை. எதற்கு இவ்வளவு முன்னால் போடுகிறார்கள்? ரயில் எங்கேயோ பாலக்காட்டில் இருக்கும், நாம் இங்கே வெயிலில் வேக வேண்டும். வேகுதல். பட்டுக்கூட்டை வேகவைப்பதுதான் எங்கள் வேலையின் ஆரம்பம். கூட்டை நறுக்கி, உள்ளே இருக்கும் புழுவை உதறிவிட்டு, சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் முப்பது நிமிடம். மேலே சுற்றியிருக்கும் பசை கரைந்து வெறும் பட்டு மட்டும் மிஞ்சும், நனைந்த முடிக்கற்றை மாதிரி கையில் வரும். அலசிக் காயவைத்து, உப்புக் கரைசலில் கரைத்து, இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அந்த உப்பை வெளியேற்றி, உறையவைத்துப் பஞ்சாக்க வேண்டும். இதற்கு முன்னால் சார் இறால் ஓட்டிலிருந்து பஞ்சு செய்வதில் இறங்கியிருந்தார், அந்த வருஷம் முழுக்க ஆய்வகத்தில் மீன் மார்க்கெட் வாடை, கேன்டீனில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். பட்டு வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. அப்பாவுக்குப் பெருமையே தாங்கவில்லை. மில்லில் முப்பத்தொரு வருஷம் நூல் பார்த்த மனுஷன், மகளும் நூலுக்கே வந்துவிட்டாள் என்று. அவருக்கும் முட்டி போச்சு. எலும்பும் எலும்பும் உரசுகிறது, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘ஹ்ம்’. டாக்டர் மாற்று மூட்டு வைக்கச் சொன்னதற்கு, "எம்புள்ள பட்டுல ஒண்ணு பண்ணீட்டிருக்குதுங்க, அது வரட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அப்பா, இது அதுக்கில்ல, சின்ன வயசுக்காரங்களுக்கு அடிபட்டு ஒரு காசளவு பள்ளம் விழுந்தா அதை அடைக்கிறதுக்கு, உங்களுக்கு மொத்தமும் தேஞ்சிருச்சு, அதுவும் இது மனுஷனுக்கு வர இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும், வராமலே போனாலும் போகும். எத்தனை தடவை சொன்னேன். "வரும் அம்மணி, நீ பண்ணீருவே." குருத்தெலும்பில் ரத்தம் ஓடாது, அதனால்தான் ஒருமுறை கிழிந்தால் தானாக ஆறுவதில்லை. தோலில் கீறினால் நாலு நாளில் மூடிக்கொள்கிறது, எலும்பு முறிந்தால்கூட ஒட்டிக்கொள்கிறது, இது மட்டும் கிழிந்தது கிழிந்தபடியே கிடக்கும், யாராவது வெளியிலிருந்து ஏதாவது கொண்டுவந்து வைத்தால் உண்டு. இதை எத்தனை கருத்தரங்கில் சொல்லியிருக்கிறேன், முதல் ஸ்லைடு இதுதான், இரண்டாவது ஸ்லைடு பட்டுக்கூடு, மூன்றாவது... மூன்றாவது வேண்டாம்.

தண்ணீர் காரணமாக இருக்கலாம். போன வருஷம் சிறுவாணித் தண்ணீர் வந்தது, இந்த வருஷம் லாரித் தண்ணீர், வடிகட்டித்தான் ஊற்றுகிறோம் என்றாலும். கூடு காரணமாக இருக்கலாம், தர்மபுரி மார்க்கெட்டில் மழைக்காலக் கூடு வேறு, கோடைக்கூடு வேறு. ஆடு காரணமாக இருக்கலாம். அக்காவிடம் இதையெல்லாம் ஒவ்வொரு மாதம் ஒன்றாகச் சொல்லியிருக்கிறேன், அவரும் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார், தர்மபுரிக்கே பஸ் ஏறிப் போய் வந்தார். ஏழாவது தடவை, "நீ பக்கத்துலயே நில்லு செங்கொடி, நான் எங்க பிசகுறேன்னு பாத்துச் சொல்லு" என்றார். நின்றேன். டைமரில் முப்பது வைத்தார். அது அடித்ததும் ஒரு நொடி தாமதிக்காமல் பட்டைத் தூக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சரியாயிருக்குக்கா என்றேன். சரியாகத்தான் இருந்தது. அதுதான் பிசகு. சரியாக முப்பது நிமிடம் வைத்தால் அந்த நீலம் வராது என்று எனக்குத் தெரியும். தெரியும். இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத்தான் கறிக்கடையிலிருந்து இவ்வளவு தூரம் மஸ்தான் பாயையும் கேட்மேனையும் திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். சுத்தி சுத்தி வந்தாலும் அங்கேதான் போய் முட்டுகிறது.

போன வருஷம் ஜனவரி, பொங்கல் லீவு முடிந்த மறுநாள். நான் நோட்டைக் காலையிலேயே எழுதிவிடுவேன். எல்லாரும் செய்துவிட்டு எழுதுவார்கள், நான் எழுதிவைத்துவிட்டுச் செய்வேன். ஏனென்றால் சாருக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் பிடிக்காது, ஒரு கோடு கிழித்திருந்தால்கூட "இது என்னம்மா, மளிகைச் சிட்டையா?" என்பார். என் நோட்டை எடுத்துக்கொண்டு போய் மற்ற துறைக்காரர்களிடமெல்லாம் காட்டுவார், செங்கொடி நோட்டைப் பாருங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு என்று. பத்திரிகைதான். நடக்கப்போவதை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுப்பது. அன்றைக்கும் அப்படித்தான், கூடு இருபது கிராம், தண்ணீர் இரண்டு லிட்டர், சோடா இவ்வளவு, கொதிநீரில் முப்பது நிமிடம் என்று நீல மையில் அழகாக எழுதிவைத்துவிட்டுப் பட்டைப் போட்டேன். டைமரையும் வைத்தேன். வைத்த கொஞ்ச நேரத்தில் கீழே வாசலிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார், பார்சல் வந்திருக்கு, பட்டைக் கரைப்பதற்காக இரண்டு மாதமாகக் காத்திருந்த உப்பு, கையெழுத்துப் போட ஆள் வராவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவானாம். ஓடினேன். கூரியர்காரன் ஆபீஸ் முத்திரை வேண்டும் என்றான். ஆபீஸில் முத்திரை வைத்திருக்கும் அம்மா டீ குடிக்கப் போயிருந்தார். டீ என்றால் டீ மட்டுமா? வந்து, உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி, என்னம்மா மெலிஞ்சுட்டே என்று விசாரித்து, முத்திரை குத்தி, நான் மாடி ஏறி வந்தபோது அறை முழுக்க ஆவி. டைமர் எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. பட்டைத் தூக்கினேன், கையில் வழவழவென்று வந்தது. கொட்டியிருக்க வேண்டும். அந்தக் கூட்டில் அதுதான் கடைசி இருபது கிராம், அடுத்த கூடு வர மூன்று வாரம் ஆகும், அதுவரை காத்திருந்தால் சார் டெல்லியில் பேசுவதற்குள் முடிவு வராது. சரி, எப்படியும் உருப்படாது, செய்துதான் பார்ப்போமே என்று செய்தேன். நோட்டைத் திருத்தவில்லை. நான் பொய் எழுதவில்லை, எழுதிய பிறகுதான் அது பொய்யானது. இந்த வாக்கியத்தை ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், வக்கீல் மாதிரி. உருப்படாது என்று நினைத்த அந்தப் பேட்ச்தான் நாலு வாரம் கழித்து அப்படியொரு நீலம் காட்டியது. சார் என் தோளைத் தட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சார் ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்து அரை நிமிடத்தில் முடித்திருக்கலாம், சிரித்திருப்பார், அட அதிர்ஷ்டம்மா என்றிருப்பார். அன்றைக்கு அரை நிமிடம். இன்றைக்கு அதுவே ஒரு கட்டுரை, ஒரு ஆய்வேடு, ஒரு மனுஷியின் ஏழு மாதம்.

ரயில் வருகிறது. கூட்ஸ். கூட்ஸ்தான் வரும், எனக்கு வேறென்ன வரும். ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணாதே. நீளமாக வேகவைத்தால் பட்டின் இழை துண்டு துண்டாகும், பஞ்சு மெத்தென்று ஆகும், சீக்கிரம் கரையும் என்று எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது, எல்லாரும் அதைக் குறையாகத்தான் எழுதுகிறார்கள். ஒருவேளை செல்களுக்கு வேண்டியது அதுதானோ, பட்டு மெல்ல விலகி இடம் கொடுத்தால்தான் அவை தம் சொந்தக் குருத்தெலும்பைக் கட்டுமோ என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. தோன்றிய உடனே இழுத்து மூடினேன். நல்ல யோசனை, அதைச் சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே. பட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான விஷயம் அதுதான், அதைத்தான் ஒளித்துவைத்திருக்கிறேன். சொன்னால் என்ன ஆகும்? அடுத்த மாதம் இருபதாம் தேதி என் வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. நாலாம் அத்தியாயம் போனால் ஆய்வேடே போச்சு. கட்டுரையைத் திருத்தச் சொல்லி சார் எழுத வேண்டிவரும், சார் முகம், அந்தச் சட்டம் போட்ட படம், செங்கொடி நோட்டைப் பாருங்க. இன்னும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்கிவிட்டு அப்புறம் மெதுவாக, அக்கா, அறுபது நிமிடம் வைத்துப் பாருங்களேன் என்று யோசனை மாதிரி சொல்லலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். எவ்வளவு கேவலமான கணக்கு. அந்த ஒரு மாதம் அக்கா இருப்பார் என்றல்லவா நினைத்தேன். எத்தனையோ பேர் திட்டு வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள், இவர் மட்டும் ஏன் இவ்வளவு ரோஷமாக லெட்டர் எழுத வேண்டும்? பாருங்கள், இப்போது அவர்மேலேயே கோபம் வருகிறது எனக்கு. பிசகியவள் நான், அவர் சரியாகச் செய்தவர், சரியாகச் செய்தார் என்பதற்காகத் தோற்றுப்போய்ப் பத்தொன்பது வருஷம் நின்ற அதே அடுப்படிக்குத் திரும்பப் போகிறார், எனக்குக் கோபம் வருகிறது. ரயில் போய்விட்டது. கேட் திறக்கவில்லை. டெம்போக்காரர் ஹாரன் அடிக்கிறார். "இன்னொண்ணு வருதுங்க, அப்புறந்தான் தொறப்பான்" என்கிறார் பைக்கில் இருப்பவர். மணி ஒன்பது நாற்பத்தாறு. திறந்தாலும் இருபது நிமிடம். போய்ச் சேர முடியாது, நான் என்ன செய்வது, கேட் போட்டுவிட்டார்கள், நான் வரத்தான் பார்த்தேன் அக்கா. வாகான சாக்கு. கையில் போன் இருக்கிறது.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லு செங்கொடி." எங்கே இருக்கீங்கக்கா என்றேன். "சார் ரூம் வாசல்ல. உள்ள யாரோ இருக்காங்க, வெளிய வந்ததும் போவேன்." போகாதீங்க என்றேன். "வேண்டாம்மா, நீ சமாதானம் சொல்லாத, நான் முடிவு பண்ணிட்டேன். எங்க வீட்ல அவங்ககிட்டயும் சொல்லியாச்சு." சமாதானம் இல்லக்கா. "பின்ன?" இரண்டாவது ரயிலின் சத்தம் தூரத்தில் கேட்டது, அது வந்துவிட்டால் இன்னொரு சாக்கு. மூணாவது பேட்ச் முப்பது நிமிஷம் இல்லக்கா என்றேன். "என்னது?" முப்பது நிமிஷத்துல எடுக்கல, நான் பார்சல் வாங்கக் கீழ போயிட்டேன், நோட்டுல காலையிலயே எழுதி வெச்சிருந்தேன், அப்புறம் மாத்தல, யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. ரயில் வந்துவிட்டது. பாசஞ்சர். பெட்டி பெட்டியாக ஜன்னல் முகங்கள், போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடக் கேட்டிருக்காது. கடைசிப் பெட்டி தாண்டியதும் அக்கா லைனில் இருக்காங்களா என்று பார்த்தேன். மூச்சுச் சத்தம். அழுவார் என்று நினைத்தேன், நல்லாயிரு என்று சொல்லி வைத்துவிடுவார் என்று நினைத்தேன், என் அப்பாவை இழுத்து ஏதாவது கேட்பார் என்றுகூட நினைத்தேன். "எத்தனை நிமிஷம்?" என்றார். தெரியலக்கா, மணி பாக்கல. "ஒரு மணி நேரம் இருக்குமா?" இருக்கலாம், மேலயும் இருக்கலாம், எனக்கு நிஜமாவே தெரியலக்கா. கேட் மேலே போகத் தொடங்கியது. டெம்போ நகர்ந்தது, பின்னால் இருந்தவர்கள் மொத்தமாக ஹாரனில் கையை வைத்தார்கள், "ஏம்மா, போனைப் பேசறதுன்னா ஓரமாப் போயிப் பேசு!" ஸ்கூட்டரைக் காலால் உந்தி உந்தி ஓரத்துக்குத் தள்ளினேன். "தண்ணி எவ்வளவு வத்தியிருந்துச்சு?" என்றார் அக்கா. என்னக்கா? "பீக்கர்ல தண்ணி. ரெண்டு லிட்டர் வெச்சிருப்பே. திரும்பி வரும்போது எவ்வளவு இருந்துச்சு? அதே ஹீட்டர்தான் இப்பவும் இருக்கு. அந்த அளவு வத்த எவ்வளவு நேரமாகும்னு வெச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்." எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருஷமாகச் சுற்றிச் சுற்றி யோசித்தவளுக்கு இது தோன்றவே இல்லை, இவருக்குக் கேட்ட மாத்திரத்தில் தோன்றுகிறது, இவரைத்தான் கை வராது என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். ஆவி, பீக்கர். யாராவது வந்து பார்த்துவிடுவார்களோ என்று பயந்து தண்ணீரை ஊற்றி இரண்டு லிட்டர் கோட்டுக்கு நிரப்பினேன், அந்தப் பயத்திலும் பழக்கம் விடாமல் அளவு ஜாடியில் அளந்துதான் ஊற்றியிருக்கிறேன். எழுநூற்றைம்பது மில்லி அக்கா என்றேன். கரெக்டா எழுநூத்தம்பது. "அப்பக் கண்டுபிடிச்சிரலாம்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை, சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. பிறகு, "ஏழு மாசம், செங்கொடி" என்றார். அக்கா என்றேன். அவர் போனை வைக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, யாரோ வெளியே வந்து வரேன் சார் என்று சொன்னது கேட்டது, கதவு கேட்டது, அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. "வாங்கம்மா, லெட்டர் ஏதோ குடுக்கணும்னீங்களே." "லெட்டர் இல்ல சார். செங்கொடி லைன்ல இருக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்." போன் கைமாறியது. என்னைத் தாண்டி வண்டிகள் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. "என்னம்மா செங்கொடி, காலங்காத்தால, சொல்லு" என்றார் சார். நான் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.